முதலில் தாங்கியைப் பார்க்கச் சொல்

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பர் வாசிக்கிறா. மழை பிந்தியதால் கிணறு கீழே போய்விட்டது. மற்றபடி சுகம்.

உன் மகன் ஐதரசனில் பறக்கும் மாக் 6 விமானம் (ஒலியைப்போல ஆறு மடங்கு வேகம்) வரைகிறானாம், கேள்வியெல்லாம் எஞ்சினைப் பற்றியே! 2004 இலேயே நாசாவின் எக்ஸ்-43ஏ ஐதரசனை எரித்து மாக் 9.6 வரை போய்விட்டது. அது நாலு மீட்டர்கூட இல்லாத ஆளில்லா வண்டி, எஞ்சின் எரிந்தது பத்துச் செக்கன் அளவில் என்பது வேறு கதை. ஆட்களை ஏற்றி நெடுந்தூரம் பறப்பதென்றால் எனக்குப் பயம் எரிபொருள் தாங்கியில்தான்.

திரவ ஐதரசன் ஒரு கன மீட்டர் வெறும் 71 கிலோ. கிலோவுக்கு மண்ணெண்ணெயைப்போல மூன்று மடங்கு சக்தி இருந்தும், அதே சக்திக்கு நாலு மடங்கு இடம் கேட்கும். செட்டைக்குள் அடங்காது, உடம்பே தாங்கியாகிவிடும். அமுக்கத்துக்கு உருளை நல்லது, வேகத்துக்குத் தட்டையான உடம்பு நல்லது. நாசாவின் எக்ஸ்-33 என்ற சோதனை விண்கலத்துக்குப் பல உருளைகளை ஒட்டவைத்தது போன்ற கலப்புப்பொருள் தாங்கி செய்தார்கள். 1999 சோதனையில் உட்தோலின் நுண்வெடிப்புகளால் ஐதரசன் உட்தோலுக்கும் வெளித்தோலுக்கும் நடுவிலிருந்த தேன்கூட்டு அடுக்குக்குள் கசிந்தது. தாங்கியை வெறுமையாக்கிச் சூடேறியபோது உள்ளே அமுக்கம் கூடி வெளித்தோல் கழன்றுவிட்டது. 2001 இல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

சரி, இதை அவனையே கணக்குப் பார்க்கச் சொல். பத்து மீட்டர் அலுமினியத் தாங்கி திரவ ஐதரசனின் −253 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 4 சென்ரிமீட்டர் சுருங்கும். அதே நீள நிக்கல் கலப்புலோக வெளித்தோல், பறக்கும் வேகத்தில் சூடேறி, 800 பாகையில் 11 சென்ரிமீட்டர் அளவு நீளும். இரண்டையும் இறுக்கிப் பூட்டினால் ஏதோ ஒன்று கிழியத்தானே வேண்டும்? தாங்கியே உடம்பின் சுவராக இருந்தால் எடை மிச்சம் என்பார்கள். நானென்றால் ஒரு முனையில் மட்டும் பிடித்து, மற்ற இடங்களில் வழுக்க விடுவேன். எடை கூடத்தான் செய்யும், கூடட்டும்.

தாங்கிக்கும் தோலுக்கும் இடைவெளியில் காற்றை விடவும் கூடாது. குளிர்ந்த சுவரில் அது திரவமாகி, மேலும் காற்றை உள்ளே இழுக்கும். நைதரசனும் −196 பாகையில் திரவமாகிவிடும். தாங்கியை ஒட்டி, அந்தக் குளிரிலும் திரவமாகாத ஈலியம்தான். செலவைப் பற்றி உன் மகன் கவலைப்படத் தேவையில்லை, படிக்கிற பெடியன்தானே.

எங்கே பிடிக்கிறான், எங்கே வழுக்க விடுகிறான் என்று படத்தில் குறித்து அனுப்பச் சொல். அப்புறம், மாசியில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாச்சா?

அன்புடன்,
உன் மச்சான்