புறக்கோட்டை மலிபன் வீதியில் மும்மொழி நினைவுப் பலகை அமைத்துத் தரக் கோரும் மனு

பெறுநர்:
மாநகர ஆணையாளர் அவர்கள்,
கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம்,
கொழும்பு 07.

பொருள்: 1886ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆங்கில பௌத்த பாடசாலை இயங்கிய இடத்தை அடையாளப்படுத்தல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நான், தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன். புறக்கோட்டை மலிபன் வீதியில் பழைய 61ஆம் இலக்கக் கட்டடம் நின்ற இடத்தை மாநகர சபையிடமுள்ள பழைய வரிமதிப்பீட்டு இடாப்புகளைக் கொண்டு உறுதிசெய்து, அங்கே இயங்கியதும் இன்று மருதானையில் ஆனந்தக் கல்லூரி எனப் பெயர் பெற்று விளங்குவதுமான பாடசாலையின் தொடக்க வரலாற்றைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் சொல்லும் நினைவுப் பலகை ஒன்றை அவ்விடத்தில் நிறுவித் தருமாறு தங்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

மலிபன் என்றதும் இன்று எவருக்கும் பிஸ்கட்தான் நினைவுக்கு வரும். வீதியை அறிந்தவர்களுக்கோ கொப்பியும் பேனையும் கடதாசியும் மொத்த விலைக்குக் கிடைக்கும் இடம் அது. புதிய தவணை தொடங்குமுன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் அங்கே வருகிறார்கள். நாட்டாமிகள் கடதாசிக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வழி கேட்டுக் கத்துகிறார்கள். எனது மாணவர்களிற் பலர் அந்தக் கடைகளிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். இந்நாட்டின் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பம் நேர்ந்த இடத்தில்தான் தாம் நாள்தோறும் நிற்கிறோம் என்பதை அவர்களுக்குச் சொல்ல, வகுப்பறையில் நான் பேசிய பேச்சைத் தவிர வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை. இம்மனுவை எழுதத் தூண்டியது அந்தக் குறையே.

பலகையில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதில் எனக்குக் கவனம் அதிகம். ஆதலால் அந்த வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்வதற்குத் தங்கள் பொறுமையை வேண்டுகிறேன்.

பிரித்தானியர் ஆட்சியில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிச் சங்கங்களின் கையில் இருந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு உதவி நன்கொடைத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மதச்சார்பற்ற பாடங்களில் மாணவர் பெறும் தேர்ச்சியை அளந்து எந்தச் சமயத்தவர் நடத்தும் பாடசாலைக்கும் அரசு பணம் கொடுக்கும் என்ற விதி ஏட்டளவில் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது. ஆனால் கட்டடமும் ஆசிரியரும் அச்சகமும் ஆங்கிலம் தெரிந்த முகாமையாளரும் ஏற்கனவே எவரிடம் இருந்தனவோ அவர்களே அந்த விதியால் முதலில் பயன் பெற்றார்கள். கந்தோர் எழுதுவினைஞர் வேலைக்கும் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் ஆங்கிலமே வாசலாக இருந்த காலத்தில், தன் பிள்ளை அந்த வாசலைக் கடக்க வேண்டும் என்று விரும்பிய பௌத்தத் தகப்பன் மிஷன் பாடசாலையின் விவிலிய வகுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்நிலைக்கு எதிரான முயற்சியைத் தொடங்கிவைத்தவர்கள் வெளிநாட்டவர் அல்லர் என்பதைப் பலகை தெளிவாகச் சொல்ல வேண்டும். தொடந்துவையில் பியரத்ன தேரர் 1869இலேயே பௌத்தப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை ஒன்றைத் திறந்திருந்தார். ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல நாயக்க தேரரின் தலைமையில் 1873இல் மாளிகாகந்தையில் பிக்குகள் கற்கும் வித்தியோதய பிரிவெனா தொடங்கிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் பாணந்துறையில், மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறிஸ்தவப் போதகர்களுடன் இரண்டு நாள்கள் பொது விவாதம் நடத்தினார். அந்த விவாதத்தின் ஆங்கிலப் பதிப்பே அமெரிக்கரான கேணல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட்டின் கவனத்தை இத்தீவின் பக்கம் திருப்பியது. அவர் 1880 மே மாதத்தில் காலியில் வந்திறங்கி, பிரம்மஞான சபையைத் தம்மோடு சேர்ந்து நிறுவிய பிளாவற்ஸ்கி அம்மையாருடன் அந்த மாதம் 25ஆம் திகதி பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். ஒரு மாதத்துக்குள் அச்சபையின் வழியில் கொழும்பில் பௌத்த பிரம்மஞான சங்கம் உருவானது. மறு ஆண்டு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று அவர் திரட்டிய கல்வி நிதிக்குக் காசு போட்டவர்கள் இந்நாட்டுக் கமக்காரரும் சிறு வியாபாரிகளுமே. ஒல்கொட்டின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரசிடம் எப்படிப் பேச வேண்டும், சங்கத்தை எப்படிப் பதிவுசெய்ய வேண்டும், கணக்கை எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் வழக்கறிஞராகவும் இருந்த அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவே அப்போது தேவைப்பட்டது.

1886 நவம்பர் 1ஆம் திகதி, சுமங்கல நாயக்க தேரரின் ஆதரவோடு, 37 மாணவர்களுடன் புறக்கோட்டையில் ஆங்கில பௌத்த பாடசாலை திறக்கப்பட்டது. முன்னாள் ஆங்கிலிக்கன் குருவானவரான சி. டபிள்யூ. லெட்பீற்றர் அதன் முதல் அதிபர். 37 என்ற எண் சிறியதாகத் தோன்றலாம். கட்டணமும் பெயரும் பெற்ற மிஷன் கல்லூரிகள் சுற்றிலும் இருக்க, நாளைக்கு நிலைக்குமோ நிலைக்காதோ என்று தெரியாத ஒரு வீட்டுக்குத் தம் மகனை அனுப்பிய 37 பிள்ளைகளின் பெற்றோர் துணிந்த துணிவை எண்ணிப் பார்த்தால் அது சிறிய எண் அன்று.

பாடசாலைக்கு வைத்த பெயரையும் கவனிக்க வேண்டுகிறேன். ‘ஆங்கில’ என்ற சொல்லும் ‘பௌத்த’ என்ற சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதை நிறுவியவர்கள் ஆங்கிலத்தை வெறுக்கவில்லை; ஆங்கிலம் கற்பதற்குச் சமயத்தை விலையாகக் கேட்பதைத்தான் மறுத்தார்கள். இந்த வேறுபாடு பலகையில் மங்கிவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தார்க்கு இது எளிதில் விளங்கும். வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், 1872இல் சைவப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலப் பாடசாலையையும் தொடங்கினார். பணமின்றிச் சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. நாவலரால் நிலைநிறுத்த முடியாமற்போன ஒன்றைப் புறக்கோட்டையில் நிலைநிறுத்த முடிந்ததற்கு, சங்கமாகக் கூடி ஊர் ஊராக நிதி திரட்டியதே முதற் காரணம் என்பது என் கருத்து.

லெட்பீற்றருக்குப் பின் 1890இல் அதிபரானவர் ஏ. ஈ. புல்ட்ஜென்ஸ். கிறிஸ்தவப் பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, பௌத்தத்தைத் தழுவியவர். அவர் காலத்தில்தான் ‘கால் மைல் விதி’ என்று பேசப்பட்ட கட்டுப்பாடு வந்தது. நன்கொடை பெறும் பாடசாலை ஒன்றிலிருந்து கால் மைலுக்குள் புதிதாகத் தொடங்கப்படும் பாடசாலைக்கு உதவி நன்கொடை இல்லை என்பதே அதன் சாரம். எந்தச் சமயத்தின் பெயரும் அந்த விதியில் இல்லை. ஆனால் நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் நல்ல இடங்களில் முன்னரே பாடசாலை வைத்திருந்தவர்கள் மிஷனரிகள். புதிதாக வந்தவர்கள் பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும். யாரைத் தடுக்கும் என்று எழுதாமலே தடுக்கும் விதி அது. புல்ட்ஜென்ஸ் அதனை எழுத்திலும் செயலிலும் எதிர்த்து நின்றார். காலனித்துவ ஆட்சியின் கீழ் ஒரு பாடசாலையை நிறுவுவது எத்தகைய வேலை என்பதை மாணவருக்கு விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. கரும்பலகையில் ஒரு புள்ளியிட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, ‘இதற்கு வெளியே போய்ப் படி’ என்று எழுதுவேன். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

புறக்கோட்டை நெரிசலில் பாடசாலைக்கு வளர இடமில்லை. டியூடர் ராஜபக்ச மருதானையில் வழங்கிய காணிக்குப் பாடசாலை பெயர்ந்தது. 1895 ஓகஸ்ட் 17ஆம் திகதி அது ஆனந்தக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. புத்தர் சொன்னவற்றைக் கேட்டு நினைவில் வைத்துப் பிறர்க்குச் சொன்ன அணுக்கச் சீடரின் பெயர், ஒரு பாடசாலைக்குப் பொருத்தமானதுதான். கண்டித் தர்மராஜக் கல்லூரி 1887இலும் காலி மகிந்தக் கல்லூரி 1892இலும் இதே பௌத்த பிரம்மஞான சங்கத்தின் முயற்சியால் தோன்றின.

இது பௌத்தரின் வரலாறு, தமிழில் எழுதுவதற்கு என்ன தேவை என்று எவரேனும் கேட்கக்கூடும். சிங்களமும் தமிழும் அரசியலமைப்பின்படி அரசகரும மொழிகள் என்பது ஒரு விடை. அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். 1904இல் இக்கல்லூரி மேடையில் நின்று, சிங்களவர் தம் மொழியையும் வழக்கங்களையும் கைவிட்டு வருவதைக் குறித்து எச்சரித்தவர் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன். சிவில் சேவையை விட்டு விலகி இங்கே உப அதிபராகப் பணியாற்றியவர் தமிழரான சி. சுந்தரலிங்கம். இங்கே கற்பித்த ரி. பி. ஜாயா 1921இல் அண்மையிலுள்ள சாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அந்தச் சாஹிராவின் தொடக்கத்துக்கு உழைத்த அறிஞர் சித்திலெப்பை, ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தமிழில் நடத்தியவர். மருதானையில் நடந்துபோகும் தூரத்திற்குள் இருக்கும் இந்த இரு கல்லூரிகளின் கதையையும் தமிழை விலக்கிவிட்டுச் சொல்ல முடியாது.

1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உருவான தங்கள் சபை, அப்பாடசாலை திறக்கப்பட்ட நாளில் அவ்வீதிக்குப் பொறுப்பாக இருந்த அதே சபையாகும். வீதியிலக்கங்கள் பின்னர் மாறியிருப்பினும் பழைய இடாப்புகளை வைத்து இடத்தைக் கண்டறியும் அதிகாரமும் வசதியும் தங்களுக்கே உண்டு. ஆகவே, இடத்தை உறுதிசெய்யத் தங்கள் நில அளவைப் பிரிவுக்குப் பணிக்குமாறும், கட்டட உரிமையாளர் இணங்காவிடின் வீதியின் தொடக்கத்தில் சபைக்குரிய நிலத்தில் பலகையை நிறுவுமாறும், வாசகத்தை இறுதிசெய்யுமுன் ஆனந்தக் கல்லூரி நிர்வாகத்தின் கருத்தைப் பெறுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வாசகத்திற்காகப் பின்வருவதை முன்வைக்கிறேன்:

“ஆங்கில பௌத்த பாடசாலை இவ்வீதியில் இயங்கியது. தேரர்களும் பொதுமக்களும் பௌத்த பிரம்மஞான சங்கத்தாரும் சேர்ந்து 1886 நவம்பர் 1ஆம் திகதி 37 மாணவருடன் அதனைத் தொடங்கினர். தம் சமயத்தை விடாமல் பிள்ளைகள் ஆங்கிலக் கல்வி பெற வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். 1895இல் இப்பாடசாலை மருதானையில் ஆனந்தக் கல்லூரி எனப் பெயர் பெற்றது.”

பலகைகளில் தமிழ் படும் பாடு தாங்கள் அறியாததன்று. கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாகப் பிரிந்து நிற்கும் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பழகிவிட்டது. எனவே எழுத்து வெட்டப்படுவதற்கு முன் அச்சுப்படியை எனக்கு ஒரு தடவை காட்டினால், ஊதியம் எதுவுமின்றிச் சரிபார்த்துக் கொடுப்பேன். இது தொடர்பாகத் தங்கள் அலுவலகம் குறிப்பிடும் எந்த நாளிலும் நேரில் வருவதற்கு ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.