செயலாளர் ஆண்டறிக்கை, 2025

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, செயலவை உறுப்பினர்களே, நம் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தின் அன்பான அங்கத்தினர்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் இன்னொரு ஆண்டைக் கடந்திருக்கிறோம். இன்று வர இயலாதவர்களுக்கு இந்த அறிக்கையின் பிரதி தபாலில் போகும். தபால் தலைச் செலவு கணக்கில் தனியாகக் காட்டப்படும்.

பொதுக் கூட்டமும் செயலவையும்

சென்ற பொதுக் கூட்டம் மார்ச் மாதத்தில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை) சேராமல் ஒத்திவைக்கப்பட்டது. செயலவையினர் எத்தனை பேரோ அதைப்போல் இரு மடங்கு அங்கத்தினர் வந்தால் போதும் என்பது நம் சட்டவிதி. அந்த எண்ணிக்கைகூடச் சேரவில்லை. அரை மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சகோதரிகள் விடியற்காலையில் எழுந்து செய்துகொண்டுவந்த மீஹூன் (அரிசி நூடுல்ஸ்) ஆறிப்போய், கடைசியில் பொட்டலம் பொட்டலமாகப் பக்கத்து வீடுகளுக்குப் போனது. இரண்டாம் முறை கூட்டியபோது வந்தவர்களை வைத்தே நடத்தினோம். அப்படி நடத்தும் கூட்டத்தில் சட்டவிதியைத் திருத்த முடியாது. சந்தாத் தொகை சட்டவிதியில் எழுதப்பட்டிருப்பதால், அதை உயர்த்தும் தீர்மானம் இந்த ஆண்டும் கோப்பிலேயே கிடக்கிறது.

மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, பொதுக் கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

செயலவை பெரும்பாலான மாதங்களில் கூடியது.

நிகழ்ச்சிகள்

ஏப்ரல் 18இல் பெரிய வெள்ளி ஆராதனையும் 20இல் ஈஸ்டர் அதிகாலை ஜெபமும் நடந்தன. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வழங்கப்பட்டது. ஜூலையில் எழுப்புதல் கூட்டம். குடும்ப விளையாட்டு நாள் மழையால் பாதியில் நின்றது. டிசம்பரில் கேரல் பவனி. மரண சகாய நிதி உரிய குடும்பங்களுக்குத் தாமதமின்றிக் கொடுக்கப்பட்டது.

வியாழன் இரவுச் சந்திப்பு

இந்த ஆண்டு செயலவையில் அதிகம் விவாதிக்கப்பட்டது இதுதான். என் தலை அதிகம் உருண்டதும் இதனால்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எழுப்புதல் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், பயம் என்பது அவிசுவாசம், அவிசுவாசம் பாவம், ஆகவே பயப்படுகிறவன் மனந்திரும்ப வேண்டும் என்று முழங்கினார். ஒலிபெருக்கி அன்றைக்குப் பார்த்து நன்றாக வேலை செய்தது. அடுத்த சில வாரங்களில் வழக்கமாக வருகிறவர்கள் சிலரைக் காணவில்லை. விசாரித்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றுக்குப் பயந்துகொண்டிருந்தவர்கள். ஒரு தம்பதியருக்கு 60 வயது நெருங்குகிறது. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். 55 வயதில் எடுத்த சேமநிதி மகள் கல்யாணத்தோடு போயிற்று. இன்னொருவருக்கு, நெஞ்சில் ஏதோ கட்டி என்று கிளினிக்கில் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஏற்கெனவே பயம், இப்போது பயப்படுகிறோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. பாவிகளின் பட்டியலில் உட்கார விரும்பாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

ஆகஸ்டு முதல் வியாழன் இரவுகளில் நாலைந்து பேராக வீடு வீடாகப் போகத் தொடங்கினோம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், அவர்கள் பேசுவதைக் கேட்பது, ஜெபம், தேநீர். பிரசங்கம் கிடையாது என்பது நான் வைத்த விதி. முதல் வாரமே ஒரு சகோதரர் அதை மீறி முக்கால் மணி நேரம் பேசினார். அடுத்த வாரம் அவரை வேனுக்குக் காவல் வைத்தோம்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும், அந்தப் பாட்டியின் சம்மதத்தோடு, பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், தனியாக இருக்கிறார். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் தொலைபேசியில் அழைத்து, உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, சேமிப்புப் பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றாவிட்டால் கைது செய்வோம், யாரிடமும் சொல்லக் கூடாது என்று மிரட்டியிருக்கிறான். நாங்கள் போனபோது கதவைத் திறக்கவே வெகுநேரம் ஆயிற்று. மேசைமேல் வங்கிப் புத்தகம் கைக்குட்டையில் முடிந்து தயாராக இருந்தது. சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து ஏதோ முனகுவதுபோல் சத்தம். மணி அடித்தால் காதில் விழக் கூடாதென்று கைப்பேசியைத் துண்டில் சுற்றி அரிசித் தகரத்துக்குள் புதைத்து வைத்திருந்தார். நம் வாலிபர் ஒருவர் அதைத் தோண்டி எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, "இங்கே ஜெபம் நடக்கிறது. உங்கள் பெயரையும் எந்த நிலையம் என்பதையும் சொல்லுங்கள், நாங்கள் எல்லோருமாக நேரில் வருகிறோம்" என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பாட்டி பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "பயப்படுவது பாவமா, தம்பி?" என்றுதான் கேட்டார். நான் 56ஆம் சங்கீதத்தை எடுத்தேன். பெலிஸ்தர் கையில் அகப்பட்ட சமயத்தில் தாவீது பாடியது: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." மறுபடி வாசிக்கச் சொன்னார். "தாவீது ராஜாவா இப்படிச் சொன்னார்?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய் எங்களுக்குத் தேநீர் கலக்கினார். மறுநாள் இரண்டு சகோதரிகள் அவரோடு போலீஸ் நிலையத்துக்கும் வங்கிக்கும் போய்வந்தார்கள். பணம் பத்திரம். இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு வார்த்தை: போலீசோ நீதிமன்றமோ வங்கியோ பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லித் தொலைபேசியில் கேட்பதில்லை. ஏமாந்து அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது.

இதற்குப் பிறகும் செயலவையில் ஓர் அன்பர், நாம் பயத்துக்குச் சலுகை கொடுக்கிறோம் என்றார். மாற்கு 4ஆம் அதிகாரத்தில், படகு புயலில் சிக்கியபோது, "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?" என்று ஆண்டவரே கடிந்துகொண்டாரே என்று கேட்டார். கடிந்துகொண்டார், மறுக்கவில்லை. ஆனால் மாற்கில் அவர் முதலில் காற்றை அதட்டுகிறார், கடல் அமர்ந்த பிறகுதான் சீஷர்களைக் கேட்கிறார் என்றேன். அன்பர் சும்மா விடவில்லை. மறுநாள் காலையிலேயே அழைத்து, மத்தேயு 8இல் வரிசை மாறியிருக்கிறது, அங்கே கேள்வி முந்தி, காற்று பிந்தி என்றார். இருக்கட்டும். இரண்டு சுவிசேஷத்திலும் அவர் படகை விட்டு இறங்கவில்லை. நாம்தான் கூட்டம் போட்டுப் பேசிவிட்டு இறங்கிப் போய்விடுகிறோம்.

எண்பதைத் தாண்டிய ஒரு பெரியம்மா வீட்டில் கேட்டதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 1948 ஜூன் 16ஆம் தேதி நம் சுங்கை சிப்புட்டில்தான் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுக்க வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. பெரியம்மா அப்போது சிறுபிள்ளை. லயத்தைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு. மரம் வெட்டப் போகிறவர்கள் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு கொண்டுபோகிறார்களா என்று வாசலில் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்களாம். ஒரு பக்கம் துப்பாக்கி, மறுபக்கமும் துப்பாக்கி. "அம்மா முழங்கால் போட்டு ஜெபம் செய்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். அணைத்த பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுப்பாள். அவள் உடம்பு நடுங்குவது எனக்குத் தெரியும். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) அவள்தான் முதல் ஆள்" என்றார். ஜெபித்தவள்தான் நடுங்கினாள், நடுங்கியவள்தான் வேலைக்கும் போனாள். அவளை மனந்திரும்பச் சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்து, தேநீர்ச் செலவு. வியாழன் இரவில் பிஸ்கட்டும் ரொட்டியும் வாங்கிய ரசீதுகளை ஒருவர் மேசையில் பரப்பி, இது ஜெபமா விருந்தா என்று கேட்டார். 1 இராஜாக்கள் 19ஐப் புரட்டிப் பாருங்கள். யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். தேவதூதன் வந்து விசுவாசத்தைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்று தட்டி எழுப்புகிறான். அதுவும் இரண்டு தரம். கர்த்தர் பேசியது அதற்குப் பிறகு, ஓரேபில். நம் பிஸ்கட் செலவு தேவதூதனின் செலவைவிடக் குறைவு.

வேன் எண்ணெய்ப் படி விவகாரமும் உண்டு. செப்டம்பர் 30 முதல் ரோன் 95 பெட்ரோல், மலேசியர்களுக்கு லிட்டர் 2.05 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1.99 வெள்ளிக்கு இறங்கியதால், வேன்காரருக்குக் கொடுக்கும் படியையும் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. லிட்டருக்கு ஆறு காசு. அந்த வேன்காரர் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் இரவில் இறங்கி, டார்ச் அடித்துப் பள்ளம் பார்த்துத் தருகிற மனிதர். யோசனை குறிப்பில் ஏற்றப்பட்டது. அதற்குமேல் போகவில்லை.

அந்தத் தம்பதியருக்கு மலிவு விலை வீட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாயிற்று, பதில் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கடிதம் அலமாரியிலிருந்து வெளியே வந்தது. சிகிச்சை நடக்கிறது. நலமாகிவிட்டார் என்று சாட்சி சொல்லும் கட்டம் இன்னும் வரவில்லை. அவருக்குப் பயம் போகவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போகிறார். கூடவே ஒருவர் போய் உட்காருகிறோம்.

கணக்கு

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உண்டு, கணக்காய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். சுருங்கச் சொன்னால், கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, கவலைப்படும் அளவுக்கு இல்லை, சந்தோஷப்படும் அளவுக்கும் இல்லை. மரண சகாய நிதியைத் தொடவில்லை.

சந்தா மாதம் 2 வெள்ளி. இன்றைக்கு ஒரு கோப்பைத் தே தாரேவுக்கே அதற்குமேல் கேட்கிறார்கள். பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. மகிழ்ச்சிதான். பாக்கிப் பட்டியலில் அதன் அடையாளம் எதுவும் தெரியவில்லை. சிலருடைய பாக்கி, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020இல் தொடங்கியது. அப்போது வேலை இல்லை, யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது. அந்த ஆணை நீங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. "காலம் சரியில்லை, கையில் கொஞ்சம் இருக்கட்டும் என்று பயமாக இருக்கிறது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நியாயமான பயம். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு எங்கே போவோம் என்று மக்கள் கலங்கி நின்ற காலத்தில், நம் ஊரில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தவர்கள் பயமில்லாதவர்கள் அல்லர். நம்மைவிட அதிகம் பயந்தவர்கள். பெயர்ப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

நன்றி

தலைவருக்கும், போதகர் ஐயாவுக்கும், பொருளாளருக்கும், கணக்காய்வாளருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், சமையல் சகோதரிகளுக்கும், வாலிபர் குழுவுக்கும் நன்றி. மார்ச் மாதத்து மீஹூனுக்குத் தனியாக நன்றி. எதிர்த்துப் பேசிய அன்பருக்கும் நன்றி. அவர் புண்ணியத்தில் மத்தேயுவை மறுபடி வாசித்தேன்.

வரும் ஆண்டு

ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். வியாழன் இரவுகளை இப்போதுள்ள ஆட்களை வைத்து ஆண்டு முழுதும் நடத்த முடியாது. மண்பாதையில் போவதால் வேனுக்குச் செலவு ஏறுகிறது, வேன்காரருக்கு முதுகுவலி. வாலிபர்களில் இருவர் வேலை தேடிச் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். செயலாளர் பொறுப்புக்கு நான் மறுபடி நிற்பதா என்று வீட்டில் கேட்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. வேறு யாராவது முன்வந்தால் கோப்பு, முத்திரை, பூட்டு எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். வியாழக்கிழமைகளையும் சேர்த்தே ஒப்படைப்பேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கார் உள்ளவர்கள், மாதத்தில் ஒரு வியாழன் மட்டும் தந்தாலும் போதும். கார் இல்லாதவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் உதவிதான், பாட வராவிட்டாலும் பாதகமில்லை. பயமாக இருக்கிறது என்று வீட்டிலிருப்பவர்கள் எங்களை வரச் சொல்லுங்கள். பெயர் தருபவர்கள் தேநீருக்கு முன் என்னிடம் தரலாம். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே மேசையில் இருக்கிறார். சில்லறையும் வைத்திருக்கிறார்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.

செயலாளர்