சாதனையோடு நிமிடக் கணக்கையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் 'மிக இளம் வயதில்' என்று தொடங்கும் கால்பந்துச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. மிக இளம் வயதில் அறிமுகம், மிக இளம் வயதில் கோல் என அவை நீள்கின்றன. ஆர்வத்தோடு படிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் அதுவரை எத்தனை நிமிடங்கள் ஆடினார்கள் என்ற எண் அவற்றில் இடம்பெறுவதே இல்லை. அந்த எண் ஏன் வேண்டும் என்பதற்கு ஸ்பெயின் நாட்டு வீரர் பெட்ரியின் தொடக்க ஆண்டுகளைச் சான்றாகத் தர விரும்புகிறேன்.

பெட்ரி 2002 நவம்பரில் கேனரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீஃபேயில், தெகெஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தவர். குடும்பத்தார் உணவகம் நடத்தினார்கள். அவருடைய தாத்தா அவ்வூரில் பார்சிலோனா கழகத்துக்கு ரசிகர் மன்றம் அமைத்தவர். (ரசிகர் மன்றத்தின் அருமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) 2019 ஆகஸ்டில், 16 வயதில், இரண்டாம் நிலைக் கழகமான லாஸ் பால்மாஸ் அணிக்காகக் களமிறங்கினார். அடுத்த மாதமே பார்சிலோனா அவரை ஒப்பந்தம் செய்துவிட்டது. ஓராண்டு கழித்துத்தான் அங்கே சென்றார் என்றாலும், சென்ற முதல் பருவத்திலேயே 52 ஆட்டங்களில் ஆடினார். லீகின் 38 ஆட்டங்களில் 37-இல் அவர் இருந்தார். அப்போது வயது 18.

2021 மார்ச்சில் கிரீசுக்கு எதிராக ஸ்பெயின் தேசிய அணியில் அறிமுகமானார். ஜூன் 14 அன்று சுவீடனுக்கு எதிராகக் களமிறங்கியபோது, 18 வயது 201 நாளில், ஐரோப்பியக் கோப்பையில் அதுவரை ஆடிய ஸ்பெயின் வீரர்களிலேயே மிக இளையவர் என்ற பெயர் கிடைத்தது. நம் நேரப்படி இரவு ஒன்பதரைக்குத் தொடங்கிய குரோஷியா ஆட்டத்தில், அவர் திருப்பியடித்த பந்தைக் கோல்காப்பாளர் தவறவிட, அது பெட்ரியின் பேரில் சுயகோலாகப் பதிவானதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் பிறகும் பையன் பதறவில்லை. ஸ்பெயின் 5–3 என வென்றது. இத்தாலியுடனான அரையிறுதியில் பெனால்டியில் தோற்று வெளியேறும் வரை, அணி ஆடிய 630 நிமிடங்களில் 629 நிமிடங்கள் அவர் களத்தில் இருந்தார். போட்டியின் சிறந்த இளம் வீரர் விருதையும் பெற்றார்.

எனது கவலை தொடங்குவது இதற்குப் பிறகுதான். அரையிறுதி முடிந்தது ஜூலை 6. ஜூலை 22 அன்று அவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் எகிப்துக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார். கழகத்தின் பயிற்சியாளர் கூமன் இது மிகை என்று வெளிப்படையாகவே குறைபட்டார். ஒலிம்பிக்குக்கு வீரர்களை விடுவிக்க வேண்டும் என்று ஃபிஃபா கழகங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் தேசிய அணி அழைத்தால் தன் நாட்டு வீரரை ஸ்பானியக் கழகம் விட்டாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகஸ்ட் 7 அன்று பிரேசிலிடம் இறுதியாட்டத்தில் தோற்று வெள்ளி வென்றவர், எட்டே நாளில் பார்சிலோனாவின் லீக் தொடக்க ஆட்டத்தில் மீண்டும் களத்தில் நின்றார். கழகத்துக்கும் நாட்டுக்குமாக அந்தப் பருவத்தில் அவர் ஆடியவை மொத்தம் 73 ஆட்டங்கள்.

செப்டம்பரில் பேயர்ன் மியூனிக்குடன் ஆடியபோது தொடையில் காயம்பட்டது. அவசரமாகத் திரும்பி, மறுபடியும் காயம்பட்டு, ஜனவரி வரை வெளியே இருந்தார். இடையில், நவம்பரில், 'கோல்டன் பாய்', 'கோபா' ஆகிய இரு இளம் வீரர் விருதுகளும் அவரைத் தேடி வந்தன. 2022 ஏப்ரலில் ஃபிராங்க்ஃபர்ட்டுடனான ஆட்டத்தில் பின்தொடைத் தசை கிழிந்து அந்தப் பருவமே முடிந்தது. 52 ஆட்டங்கள் ஆடியவர் அவ்வாண்டு கழகத்துக்காக ஆடியவை 22. காயத்துக்குக் களைப்பு மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு ஆடினார் என்பதைச் சொல்லாமல் காயத்தை 'துரதிர்ஷ்டம்' என்று எழுதுவது பாதிச் செய்திதான்.

இது ஒருவரோடு நிற்பதும் இல்லை. வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்புரோ 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, இங்கிலாந்தின் ஜூட் பெல்லிங்காம் 21 வயது நிறைவதற்குள் 251 ஆட்டங்கள் ஆடிவிட்டார். அதே வயதில் டேவிட் பெக்காம் ஆடியிருந்தவை 54.

எனவே, அடுத்த முறை பதின்ம வயது வீரர் ஒருவரின் சாதனையைத் தாங்கள் கட்டம் கட்டி வெளியிடும்போது, அந்தப் பருவத்தில் அவர் ஆடிய ஆட்டங்களையும் நிமிடங்களையும், கடைசியாக எப்போது ஓய்வில் இருந்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு அங்குல இடம்கூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
சென்னை