நிர்த்துபான்னு கத்தினா மெஷின் நிக்கணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பேச்சைக் கேட்டு ஓடுற மெஷினுங்க பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தபா படிச்சேன். நல்ல விஷயம்தான், ஆனா "தொழிலாளர்கள் முதலில் தெளிவான தமிழில் கட்டளையிடப் பழக வேண்டும்"னு ஒரு வரி போட்டிருந்தீங்களே, அத்த மட்டும் கத்திரிச்சு வச்சிருக்கேன்.

நான் 31 வருஷம் கிரேன் ஓட்டினவன். எங்க வேலைல "ஆபீஸ்"னா தூக்கு, "ஆரியா"ன்னா எறக்கு. ஆரியா போர்ச்சுகீசு கப்பல்காரங்க கிட்ட இருந்து லஸ்கருங்க (அந்தக் காலத்துக் கப்பல்ல வேலை பாத்த நம்ம பக்கத்து மாலுமிங்க) வாய் வழியா வந்த வார்த்தைன்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல. தலைக்கு மேல லோடு தொங்கறப்போ இந்தப் பேச்சை நான் ஒரு நாளும் தப்பா புரிஞ்சிக்கினதில்ல.

எம் பொண்ணு எலக்ட்ரானிக்ஸ் படிக்கிது, அதுதான் எனக்கு வெளங்க வச்சுது. மைக்ல விழற ஒரு செகண்டு சத்தத்த 16,000 நம்பரா ஆக்கி, துண்டு துண்டா வெட்டி, எந்தத் துண்டுல எந்த சுருதி எவ்ளோ பலமா கீதுன்னு படம் மாரி பண்ணி நியூரல் நெட்வொர்க்குன்னு, பழக்கினா கத்துக்கற கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் குடுப்பாங்களாம். அதுக்கு நல்ல தமிழ் கெட்ட தமிழ்லாம் கெடையாது, எந்தக் குரலக் குடுத்துப் பழக்கினாங்களோ அதான் தெரியும். கூகுள்காரங்க வெறும் 35 இங்கிலீஷ் வார்த்தைக்கே 2,600 பேருக்கு மேல பேச வச்சு ஒரு லட்சத்துக்கு மேல பதிவு சேத்து 2018ல வெளிய விட்டாங்களாம். அப்போ மெஷினுக்குப் புரியலன்னா யாரு பேச்சு சேக்கலன்னுதானே கேக்கணும், எங்க வாய ஏன் திருத்தறீங்க?

பொண்ணு காலேஜுக்கு பேச்சைக் கேட்டு ஓடுற ஒரு பொம்ம கிரேன் செஞ்சுது, நூல்ல தீப்பெட்டி தொங்கும். மொதல்ல எம் பொண்ணும் கூடப் படிக்கிற புள்ளைங்களும் பேசித்தான் பழக்கினாங்க. நான் "ஆபீஸ்"னு சொல்றேன், தீப்பெட்டி அசையவே இல்ல. அப்பறம் போனை எடுத்துக்கினு காசிமேடு துறைமுகத்துக்குப் போயி, ஐஸ் ஒடைக்கிற சத்தம் போட் இஞ்சின் சத்தத்தோட ஐம்பது பேரு குரல புடிச்சிக்கினு வந்து மறுபடி பழக்குச்சு. இப்போ முன்பல்லு போன என் வாயால சொன்னாலும் ஏறுது.

நான் வேலைல இருந்தப்போ ஒரு நாள் ஸ்லிங் (லோடைக் கட்டித் தூக்கற கயிறு) நழுவி பைப் கட்டு சாஞ்சுபோச்சு. நான் இருந்த எடத்துல இருந்து தெரியல. டீ குடுக்க வந்த பையன் கிளாஸைப் போட்டுட்டு "ஏய் நிர்த்துபா நிர்த்துபா"ன்னு அலறினான், நிறுத்தினேன், கீழ நின்ன ரெண்டு பேரும் இன்னிக்கும் உசுரோட கீறாங்க. மத்த சிக்னலுக்கு ஒரே ஆள் பேச்சைத்தான் கேப்போம், ஆனா நிறுத்துன்னு யாரு சொன்னாலும் நிறுத்தணும், அதான் கிரேன் வேலைல மொதப் பாடம். பதறிப்போன பையனுக்கு எங்கய்யா தெளிவான தமிழ் வரும்?

சின்ன வயசுலேருந்து இதேதான். ஸ்கூல்ல "கீது"ன்னு சொன்னதுக்கு பெஞ்சு மேல ஏத்தினாங்க. சினிமால எங்க பேச்சு ரவுடிக்கு மட்டும்தான். பேங்குக்கு போன் போட்டா மெஷின் புரியலன்னு மூணு தபா சொல்லிட்டு கட் பண்ணிடுது, ஏற்கெனவே அனுபவிக்கிறோம். உங்க பேப்பர்லயும் கொலை நடந்தா வருவீங்க, 2023 டிசம்பர்ல எண்ணூர் ஆத்துல எண்ணெய் மிதந்தப்போ வந்தீங்க. எங்க வேலைய பத்தி, அதுல இருக்கற அறிவப் பத்தி எழுத ஒருத்தரும் வந்ததில்ல. நாப்பது வருஷமா உங்க பேப்பர் வாங்கறவன், மனசு வலிச்சுதான் எழுதறேன்.

அந்த ஒரு வரிக்கு சின்னதா ஒரு திருத்தம் போடுங்க. அடுத்த தபா இந்த மாரி மெஷின் பத்தி எழுதறப்போ, யாரு யாரு குரல வச்சுப் பழக்கினீங்கன்னு செஞ்சவங்களக் கேட்டு அதையும் போடுங்க, போதும்.

இப்படிக்கு,
பழைய கிரேன் ஆபரேட்டர்,
காசிமேடு, சென்னை 13