அப்பத்தா பார்க்கும் பிள்ளைகள்

அம்மாடி,

போன ஞாயிறு வீடியோ காலில் அப்பத்தா, "பச்சைச் சட்டைப் பிள்ளைக இன்னைக்கும் திண்ணையில வந்து உக்காந்திருக்கு" என்றதும் உன் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். அவள் பக்கத்திலேயே இருந்ததால் அப்போது எதுவும் சொல்ல முடியவில்லை. அப்பத்தாவுக்குப் புத்தி பிசகவில்லை, அதை முதலில் மனதில் வை.

மூன்று மாதமாகவே தெரிகிறதாம், பைத்தியம் என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்து வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாள். உறவில் ஒருத்தர் கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொன்னார். முதலில் காட்டிய டாக்டர் மறதி நோய் என்று மாத்திரை எழுதிவிட்டார். அப்புறம் போன கண் டாக்டர்தான், "அந்தப் பிள்ளைக பேசுமா பாட்டி?" என்று கேட்டார். "சத்தமே வராது சாமி, நிசமில்லைன்னு எனக்கே தெரியுது" என்றாள். இதற்கு சார்லஸ் போனெட் சிண்ட்ரோம் என்று பெயராம். ஜெனீவாக்காரரான போனெட், பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு ஆட்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை 1760-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

கண் அனுப்புவது படம் இல்லை அம்மாடி, வெறும் நரம்புத் துடிப்பு. ஒரு கண்ணிலிருந்து சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் வழியாக அது போகிறது, பின்மண்டையில் இருக்கும் மூளைப் பகுதிதான் அதை வைத்துப் படம் கட்டுகிறது, கிடைக்காத இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நீயே செய்து பார். கோடு போட்ட தாளில் ஒரு கோட்டின் மேல் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, நாலு விரல் தள்ளி வலப்பக்கம் ஒரு புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்து. ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகும். ஓட்டை தெரியாது, கோடு அறுபடாமல் ஓடும். நரம்பு கண்ணை விட்டு வெளியேறுகிற அந்த இடத்தில் பார்வையே கிடையாது, அந்தக் கோட்டை மூளைதான் போட்டுக்கொள்கிறது. நான் நாலு தடவை செய்து பார்த்தேன், நம்பவே முடியவில்லை.

அப்பத்தாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. அங்கிருந்து சேதி வராததால் மூளை சும்மா இருக்காமல் தானே வரைகிறது. 1998-ல் லண்டனில் இப்படிப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இல்லாத முகம் தெரிந்தவர்களுக்கு, நிஜ முகத்தைப் பார்க்கும்போது வேலை செய்கிற அதே பகுதிதான் வேலை செய்ததாம். அப்படியென்றால் அவள் கற்பனை பண்ணிச் சொல்லவில்லை, உண்மையிலேயே பார்க்கிறாள்.

உருவம் வந்தால் லைட்டைப் போட்டு, கண்ணை இடமும் வலமுமாக நாலைந்து தடவை ஓட்டச் சொன்னார் டாக்டர். சில நேரம் கலைகிறது. நேற்று வெள்ளைச் சுவர் முழுக்கப் புள்ளிக்கோலம் என்றாள். எத்தனை புள்ளி என்று கேட்டேன். விரலை நீட்டி எண்ண ஆரம்பித்துவிட்டாள், பயமே இல்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது பேச்சை மாற்றாதே. இன்றைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று நீயே அவளிடம் கேள்.

அப்பா