பாட்டுக்கு முன் நான்கு பெயர்கள்: பண்பலை வானொலியினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பண்பலை வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு முந்தைய இரவில், பந்தி முடிந்து பெரியவர்களும் பிள்ளைகளும் மொட்டை மாடியில் அமர்ந்து பாட்டுக்குப் பாட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, ‘கண் போன போக்கிலே கால் போகலாமா’ என்ற பாடலை எழுதியவர் யார் என்ற பேச்சு வந்தது. ஏறக்குறைய அனைவரும் கண்ணதாசன் என்றார்கள். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள், வானொலியிலேயே அப்படிச் சொல்லிக் கேட்டதாக உறுதியாகச் சொன்னாள். 1965இல் வெளிவந்த ‘பணம் படைத்தவன்’ படத்துக்காக அதை எழுதியவர் வாலி. அடுத்து ‘மணப்பாறை மாடு கட்டி’ வந்தது. உழவர் பாட்டென்றால் பட்டுக்கோட்டையார்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதை எழுதிய மருதகாசியின் பெயர் இளையவர் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. யாரும் சொல்லாத பெயரை அவர்கள் எங்கிருந்து அறிவார்கள்?

இலங்கை வானொலியையும் விவித பாரதியையும் கேட்டு வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு, படத்தின் பெயர், பாடியவர்கள், இயற்றியவர், இசையமைத்தவர் என்ற வரிசை பாடலின் முதல் அடியைப் போலவே பழகிவிட்டது. மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் அப்பெயர்களை உச்சரித்த அழகுக்காகவே வானொலிப் பெட்டியின் அருகில் காத்திருந்தவர்கள் உண்டு. திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்திலும், பின்னர் ஒலிநாடாவின் உறையிலும் அதே பெயர்கள் அச்சாகியிருந்தன. இன்று புத்தகமும் இல்லை, உறையும் இல்லை. ஆகவே பெயர் சொல்லும் பொறுப்பு முன்னெப்போதையும்விட உங்களிடம்தான் மிகுதியாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் உங்கள் அறிவிப்புகளில் பெரும்பாலும் கதாநாயகரின் பெயர் மட்டுமே ஒலிக்கிறது. ‘அடுத்து ஓர் எம்.ஜி.ஆர். பாட்டு’ என்று சொல்லும்போது, டி.எம். சௌந்தரராஜனின் குரலும் வாலியின் சொல்லும் விஸ்வநாதன் - ராமமூர்த்தியின் மெட்டும் திரையில் வாயசைத்தவரின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. எம்.ஜி.ஆர்மீது எனக்குள்ள அன்பு சிறிதும் குறைந்ததில்லை. ஆயினும் இந்த வழக்கம் நியாயமானதன்று. இளையராஜாவின் எண்ணற்ற பாடல்களில் புல்லாங்குழல் வாசித்த நெப்போலியன் என்கிற அருண்மொழியைப் போன்ற வாத்தியக் கலைஞர்களைப் பற்றி நான் இங்கே கேட்கவேயில்லை. அது அடுத்த படி.

படைப்பாளி தம் படைப்புக்குத் தாமே ஆசிரியர் என்று உரிமை கோர நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பாடகர் உள்ளிட்ட நிகழ்த்துகலைஞர்களுக்கும் தம்மை அடையாளம் காட்டக் கோரும் உரிமை உண்டு. பயன்படுத்தும் முறையால் பெயரை விட நேரும் இடங்களுக்குச் சட்டம் விலக்கும் தருகிறது. எனினும் பேசுவதற்கென்றே ஒருவர் ஒலிவாங்கி முன் அமர்ந்திருக்கும் வானொலிக்கு அந்த விலக்கு எவ்வாறு பொருந்தும் என்பது எனக்கு விளங்கவில்லை.

நேரமில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் சொல்லிப் பார்த்தேன்: படம், பாடியவர், இயற்றியவர், இசை என நான்கையும் நிறுத்தி நிதானமாகச் சொல்ல எட்டு விநாடிகள் போதும்.

நாள் முழுவதும் இதைச் செய்ய இயலாதென்றால், இரவு நேரப் பழைய பாடல் நிகழ்ச்சியில் மட்டுமாவது தொடங்குங்கள். தொகுப்பாளரின் கையில் கொடுக்கும் பாடல் பட்டியலில் இயற்றியவருக்கென்று ஒரு பத்தியைச் சேருங்கள். பெயரில் ஐயம் எழுந்தால் படத்தின் எழுத்தோட்டத்தையோ பழைய பாட்டுப் புத்தகத்தையோ பார்த்துச் சரிசெய்யுங்கள். என் தந்தை சேர்த்து வைத்த பாட்டுப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. எந்த நிலையம் கேட்டாலும் படியெடுத்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
நெடுநாள் நேயர் ஒருவர்