ஹிமேஜி கோட்டைக்கு ஒசாகா கோட்டையின் விவரம்: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மையீர்,

ஜப்பான் பயணத்தின் நான்காம் நாளுக்கு நீங்கள் அனுப்பிய குறிப்பில், ஹிமேஜி கோட்டைக்கு நேராக "லிஃப்ட் வசதி உண்டு, 45 நிமிடம் போதும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். லிஃப்ட் இருப்பது ஒசாகா கோட்டையில். அதன் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது. ஹிமேஜியின் முதன்மைக் கோபுரமோ 1609இல் முடிந்த மரக் கட்டடம். பழுது பார்த்துப் பார்த்து அப்படியே காத்து வருகிறார்கள். அதில் லிஃப்ட் கிடையாது.

உங்கள் வரியை நம்பிப் பணம் கட்டிய மூன்று மூத்தவர்கள் கோபுர வாசலோடு நின்றுவிட்டார்கள்.

வெளியே ஐந்து அடுக்காகத் தெரிந்தாலும் உள்ளே ஏழு தளம்: தரைக்குக் கீழ் ஒன்று, மேலே ஆறு. மேலே போகப் போகப் படி ஏணி மாதிரி செங்குத்தாகிறது. நுழையும்போதே ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, கைப்பிடியைப் பிடிக்க மிச்சம் ஒரு கைதான். தேய்ந்து வழவழத்த பலகையில் வெறும் காலுறை வழுக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் ஆபத்து. "நல்ல ஷூ அணியவும்" என்ற உங்கள் அறிவுரை உள்ளே எதற்கும் உதவாது. அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறையும் முதுகில் மாட்டும் பையும் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டும்.

நேரக் கணக்கும் அதே லட்சணம். நுழைவு மாலை 4 மணியோடு முடிகிறது. பேருந்து வந்து சேர்ந்ததே 3.40க்கு. ஹிஷி வாயிலைத் தாண்டினால் கோபுரம் கண்ணெதிரே நிற்கும், பாதை மட்டும் வேறு பக்கம் திரும்பும். எதிரியைச் சுற்றவைத்துச் சுவர்த் துளைகளின் வழியே சுடுவதற்காகப் போட்ட வழி அது. நீள்செவ்வகத் துளை அம்புக்கு. வட்டம், முக்கோணம், சதுரம் துப்பாக்கிக்கு. இவற்றை நின்று பார்க்காமல் ஓடுவதற்கு அங்கே போகவே வேண்டாம். மேற்கு வளாகத்து நீண்ட தாழ்வாரத்தையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரமாவது வேண்டும். அந்தத் தாழ்வாரத்தை யாருமே பார்க்கவில்லை.

கோரிக்கை இதுதான்: உள்ளே போக முடியாத மூவருக்கு அன்றைய கட்டணம் முழுவதும், மற்ற 11 பேருக்குப் பாதியும் 15 நாளுக்குள் திரும்ப வேண்டும். அடுத்த குழு கிளம்புமுன் குறிப்பிலிருந்து அந்த லிஃப்ட்டை எடுத்துவிடுங்கள். உங்கள் குறிப்பின் நகலும் பயணச்சீட்டுகளும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
பயணக் குழுவினர் 14 பேர்